கேலரிக்குக் கீழே ஓர் ஆள்

1

கிராண்ட்பாஸ் டிராமில் ஏறி, கண்டக்டரிடம் "கேலரி பிச்சையா வீடு" என்று மட்டும் சொல்லுங்கள். தெருப் பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். இறங்க வேண்டிய இடத்தில் அவனே மணியை அடிப்பான். பெயரை மட்டும் எழுதிப் போட்டாலும் கடிதம் வந்து சேருகிற ஆள் கொழும்பில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருவன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்திக் கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில், பள்ளிக்கூட மலருக்கு நான் கடல் கடந்து முன்னுக்கு வந்த கதையை எழுதித் தரும்படி ஹெட்மாஸ்டர் கேட்டிருந்தார். முன்னுக்கு வந்தது உண்மை. கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடு, மருதானையில் பலகைக் கிடங்கு, எனக்குக் கீழே நாற்பது ஆள். இதெல்லாம் யாரும் கையில் தூக்கிக் கொடுத்ததல்ல.

போன மாதம் இங்கே ஸ்டேடியத்துக்குப் பத்து வருஷ விழா நடந்தது. ஸ்டேடியம் என்றால் குஸ்தியும் பாக்ஸிங்கும் டிக்கட் போட்டு நடக்கிற பெரிய அரங்கு. நான்கு பக்கமும் சிமெண்டுப் படிக்கட்டு. மேடையில் ஏற்றி எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தேன். மேசையில் ஊர்க் கடிதம் கிடந்தது. என் தங்கச்சி இசக்கியம்மாள் மகன் முத்து எழுதியிருந்தான். இருபது வயசுப் பிள்ளை.

"மாமா, எனக்கு இங்கே பிழைப்பில்லை. கொழும்புக்கு வர ஆசை. புதுச் சட்டப்படி எல்லோருக்கும் பாஸ் கிடைக்காதாம். அப்பா அங்கே வேலை பார்த்து இறந்தவர் என்பதற்குக் காகிதம் இருந்தால் வழி உண்டு என்று தூத்துக்குடி ஏஜெண்டு சொல்கிறார். அப்பா காய்ச்சலில் இறந்த மரணப் பத்திரத்துக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பவும். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்."

அப்பா காய்ச்சலில் இறந்தவர். அப்படித்தான் நான் ஊருக்கு எழுதியிருந்தேன். பத்திரத்தில் காய்ச்சல் இருக்காது என்று எனக்குத் தெரியும். மாலையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேலைக்காரப் பெண் வந்து கழற்றி எடுத்துப் போனாள்.

2

நான் கப்பல் ஏறும்போது எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் கட்டுவேன். அதுவும் ஆணி அடிக்காமல், கயிறும் ஆப்பும் வைத்துக் கட்டுவேன். கொழும்பில் முதலில் கலியாணப் பந்தல் கட்டினேன். பிறகு குஸ்தி நடத்துகிற ஆட்கள் தேடி வந்தார்கள். பஞ்சாபிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பயில்வான்கள் வருவார்கள்; அவர்களுக்கு அதுதான் சம்பளத் தொழில். நாற்காலிக்குக் காசு கொடுக்க முடியாத ஜனத்துக்குப் படிப்படியாக உயர்ந்த பலகை வரிசை வேண்டும். அதுதான் கேலரி. தென்னங்குற்றிக் கால், கமுகங் கம்பு, மேலே பலகை. நான் கட்டின கேலரி போல இந்த ஊரில் இன்னொருவன் கட்டினதில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லுவேன்.

ஆனால் கயிற்றுக் கேலரியில் ஒரு சங்கதி உண்டு. பயில்வான் ஒருவன் மற்றவனைத் தூக்கிப் போட்டால் ஆயிரம் பேர் காலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கக் கட்டு தளரும். அதனால் ஆட்டம் முடிகிற வரைக்கும் கேலரிக்குக் கீழே ஓர் ஆள் குந்தியிருக்க வேண்டும். கையில் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல், மடியில் ஆப்பு. எங்கே கயிறு முனகுகிறதோ அங்கே ஓடிப்போய் ஒரு ஆப்பை அறைய வேண்டும். இந்த வேலைக்குப் பலம் பெரிதில்லை. காது வேண்டும்.

என் தங்கச்சி புருஷன் சுடலைமுத்துவுக்கு அந்தக் காது இருந்தது. அவர்கள் கலியாணத்துக்கு ஊருக்குப் போய் நான்தான் பந்தல் கட்டினேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையே வந்து ஒரு மூலையைக் காட்டி, "மச்சான், இந்த முடிச்சு அழுவுது" என்றான். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கயிறு பிரிந்திருந்தது. அன்றைக்கே மனசில் குறித்துக் கொண்டேன். பிறகு அவனைக் கொழும்புக்கு வரவழைத்தவன் நானே.

ஆறு வருஷம் அவன் கேலரிக்குக் கீழே உட்கார்ந்தான். ஒரு குஸ்திகூடப் பார்த்ததில்லை. பலகை இடுக்கு வழியாக அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்களின் கால். கடலைத் தோலும் வெற்றிலை எச்சிலும் தலையில் விழும்.

"மச்சான், இதுவரைக்கும் நான் ஒரு பயில்வான் மூஞ்சியப் பாத்ததில்ல. ஆனா கொட்டாஞ்சேனையில யாரு செருப்பு அந்துருக்கு, யாரு காலுல சேத்துப்புண்ணுன்னு கேளுங்க, நான் சொல்லுதேன்" என்பான்.

"ஜெயிச்சது யாருன்னு தெரியுமால மாப்ள?"

"மிதிக்கிற மிதியிலயே தெரியும். வெள்ளக்காரன் ஜெயிச்சா பாதிக் காலு சும்மா இருக்கும்."

3

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறுவேன். என் மகன் சண்முகம் அங்கே கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறான். கப்பல் கம்பெனியில் கிளார்க்கு. சுற்றிலும் யாழ்ப்பாணத்து உத்தியோகஸ்தர் வீடுகள். அவனும் அவர்களைப் போலவே பேசுவான். கொழும்பில் பிறந்தவன், வேறு எப்படிப் பேசுவான்? பேத்தி கான்வென்டில் படிக்கிறாள். "வெரசா வாம்மா, தாத்தா கூட்டிட்டுப் போறேன்" என்று நான் கூப்பிட்டால் அப்பனைப் பார்க்கிறாள்.

"டாடி, தாத்தா என்ன சொல்றார் எண்டு எனக்கு விளங்கல்ல."

"கெதியா வரட்டாம்" என்று அவன் மொழிபெயர்க்கிறான். தமிழுக்குத் தமிழ்.

அவன் மேசையில் ஒரு கட்டுக் காகிதம் எப்போதும் கிடக்கும். நாங்கள் இந்தியாவுக்குத் திரும்பாமல் இங்கேயே இருக்கப் போகிறவர்கள் என்று காட்டி நிரந்தரக் குடியிருப்புப் பத்திரம் வாங்குவதற்கான மனுக்கள். முப்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன் குடியிருக்கிறேன் என்று யாரிடம் நிரூபிப்பது? வாடகைச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தேன். பிள்ளைகள் பிறந்த பத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது நன்னடத்தைக்குச் சாட்சி கேட்கிறார்கள். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்ற பேச்சு வந்ததிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இந்தக் காகிதம்தான் உயிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துவின் கடிதத்தை மகனிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். மழை வரும் போல இருக்கிறது, வெள்ளனவே ரயிலைப் பிடியுங்கள் என்று மட்டும் சொன்னான்.

4

ஸ்டேடியம் கட்ட முதலில் வேண்டியது சிமெண்டு என்று நினைத்திருந்தேன். முதலில் வேண்டியது வாய். அதை ஸ்டேடியம் கட்டச் சேர்ந்த கமிட்டியில் பார்த்தேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லாட்டரி நடத்தி, சந்தா பிரித்து, அரசாங்கத்திடம் உதவி கேட்டு ஒரு விளையாட்டு நிதி சேர்த்தார்கள். கொழும்பில் வடக்கே இருக்கிற மெம்பர்கள், கொட்டாஞ்சேனையில் கட்டு என்றார்கள். குஸ்தி பார்க்க வருகிறவன் துறைமுகக் கூலி, வண்டிக்காரன். அவன் நடந்து வருகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தெற்கே இருக்கிற மெம்பர்களுக்குத் தலைவர் வெள்ளவத்தையில் ஒரு பிரக்கிராசியார். இங்கே வக்கீலை அப்படித்தான் சொல்வது. நல்ல பேச்சுக்காரர். "எங்கட ஆக்கள் குடுக்கிற காசிலை கொட்டாஞ்சேனையிலை மல்யுத்தம் பாக்கவோ?" என்று ஒரே வரியில் கேட்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. கொட்டாஞ்சேனையிலேயே கட்டலாம், ஆனால் இருக்கிற பணத்துக்கு ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம்? சந்தா கொடுத்த பெரிய மனிதர்கள் நாற்காலி போட்டு உட்காருகிற மேற்குப் பக்கம். அதற்குச் சிமெண்டு, கூரை, மின்விசிறி. மற்ற மூன்று பக்கமும் அடுத்த வருஷம். அதுவரை பிச்சையாவின் கயிற்றுக் கேலரி இருக்கட்டும் என்றார்கள்.

அந்த அடுத்த வருஷம் நான்கு வருஷமாகியும் வரவில்லை. எலெக்ஷன் வரும்போதெல்லாம் அடிக்கல் நாட்டுவார்கள். இரண்டு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டுக்கும் பந்தல் என்னுடையது. கேலரிக்குத் தற்காலிகம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு அனுமதிக் காகிதம். ஆறு மாதத்துக்குக் கட்டினதை வருஷத்தில் இரண்டு மழை நான்கு வருஷம் நனைத்தது.

நான்காம் வருஷம் ஒரு காலை நேரம். அன்று பத்து மணிக்குக் கமிட்டிக் கூட்டம். மற்ற மூன்று பக்கத்துக்கும் பணம் ஒதுக்குவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். கேலரியின் நிலைமையைச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக் கொண்டு புறப்படும்போது சுடலைமுத்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

"மச்சான், ஒரு வெரலக் குடுங்க."

தெற்கு வரிசையில் ஒரு காலின் அடியில், மண்ணை ஒட்டின இடத்தில் என் விரலை வைத்து அழுத்தினான். விரல் இரண்டாம் கணு வரைக்கும் உள்ளே போனது. ஈர வெல்லத்தில் போவது போல.

"ஆறு காலு இப்பிடித்தான் கெடக்கு. மேல கட்டு தளந்தா ஆப்ப வெச்சு இறுக்கிரலாம். அடி இத்துப்போனா ஆப்பு என்ன செய்யும்?"

"மாத்திருவோம் மாப்ள."

"மாத்தணும்னா மேல பூராவும் பிரிக்கணும். ரெண்டு மாசம் குஸ்தி கெடையாது. நீங்க சொன்னாத்தான் கேப்பாவ. இன்னிக்குக் கூட்டத்துல சொல்லிருவியள்லா?"

"சொல்லுதேன்ல. எனக்கே பாடம் எடுக்கியா?"

"பாடம் எங்க எடுக்க? நான் படிச்சது ஒங்கள விட ஒரு வகுப்பு கம்மி" என்று சிரித்தான்.

கூட்டத்தில் கமிட்டியின் வெள்ளைக்கார இஞ்சினியர் முதலில் எழுந்து ஏதோ பேசினார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயரை எழுத மட்டும் தெரியும். பிரக்கிராசியார் என் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரியார், துரை என்ன சொல்றார் எண்டு விளங்கிச்சுதோ? உம்மட கேலரி குருவிக்கூடாம். அடுத்த மழைக்கு நிக்காதாம். கயிறு கட்டுறவனை நம்பி ஆயிரம் சனத்தை ஏத்தேலாதாம். நீர் சொல்லும், இன்னும் ஒரு வருசம் நிக்குமோ, நிக்காதோ?"

சுடலைமுத்து சொன்னது என் வாயில்தான் இருந்தது. ஆறு கால் இற்றுவிட்டது, பிரிக்க வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் அத்தனை கோட்டுக்காரர்களும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். குருவிக்கூடு!

"ஒரு வருஷமா?" என்றேன். "ஐயா, கட்டினவன் பிச்சையா. யானையைக் கொண்டுவந்து மேலே ஆட விடுங்க. துரை கட்டின சிமெண்டு வெடிச்சாலும் வெடிக்கும், என் கயிறு அறாது."

மேசையைத் தட்டினார்கள். என் ஆயுசில் அந்த மாதிரிக் கைதட்டல் நான் வாங்கியதில்லை. அது முடியுமுன்பே பிரக்கிராசியார் எழுந்தார். "கேட்டியளே? கட்டினவரே சொல்றார். பிறகென்ன அவசரம்?" பணத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்து, அந்த வருஷத்துத் தொகையைத் தெற்கே ஒரு மைதானத்துக்குத் திருப்பினார்கள். துரை தன் காகிதங்களை அடுக்கிக் கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். அவர் சரியாகச் சொன்னவர். நான் அவரை ஜெயித்தேன்.

சுடலைமுத்து வாசலில் காத்துக் கொண்டிருந்தான்.

"சொன்னியளா மச்சான்?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"மழை முடியட்டும், பிறகு பிரிக்கலாம்னு."

"அப்ப மழை முடியுற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அன்று சாயங்காலமே ஆறு காலுக்கும் முட்டுக் கொடுக்கக் கம்பு தேடிப் போனான்.

5

மழை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை, சாயங்கால ஆட்டம். கூட்டத்தில் நான் பேசின பேச்சுக்காக மேற்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். பெரிய மனிதர்களுக்கு நடுவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் தெற்குக் கேலரியில் இடமில்லாமல் ஜனம் ஒருவர் மடியில் ஒருவர்.

பஞ்சாபிப் பயில்வான் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கினான். கேலரி முழுக்க எழுந்து மிதித்தது. அந்த இரைச்சலுக்குள் எனக்கு மட்டும் இன்னொரு சத்தம் கேட்டது. கொட்டாப்புளிச் சத்தம். ஒரு இடத்தில் மூன்று அறை, அடுத்த இடத்தில் மூன்று அறை, ஓடி ஓடி. அவன் அவ்வளவு வேகமாக அடித்து நான் கேட்டதில்லை.

நான் எழுந்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். யாருக்குத் தெரியும்? பயில்வானுக்குக் கைதட்டுகிறேன் என்று பக்கத்துக்காரரும் எழுந்து கை தட்டினார்.

தெற்குக் கேலரி படீரென்று விழவில்லை. பாரம் தாங்காத மாடு முன்னங்கால் மடிப்பது போல மெதுவாக உட்கார்ந்தது. முன் வரிசைக்காரர்கள் குதித்துத் தப்பினார்கள். பலருக்குக் கை கால் முறிவு. இரண்டு துறைமுகக் கூலிகள் செத்தார்கள். கயிறு அறவில்லை. கடைசி வரை ஒரு கயிறும் அறவில்லை. கால்தான் போயிருந்தது.

கீழே உட்காருகிற ஆளுக்கு நான் சொல்லி வைத்திருந்த முதல் பாடம், கால் முறிகிற சத்தம் கேட்டால் கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு ஓடு என்பது. வெளியே வருகிற வாசல் கிழக்கு மூலையில். சுடலைமுத்து கிடந்தது மேற்கு மூலையில், ஆறாவது காலுக்குப் பக்கத்தில். அவன் வாசலுக்கு ஓடவில்லை. எதிர்த் திசையில் போயிருக்கிறான்.

6

மறுநாள் காலையில் பிரக்கிராசியார் காரில் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை என் வாசலை மிதிக்காதவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேஸ்திரியார், கேலரிக்குக் கீழ ஒரு ஆள் ஏன் இருந்தவன் எண்டு மரண விசாரணையிலை கேப்பினம். என்ன சொல்லப் போறீர்?"

"ஆப்படிக்கிற ஆள்னு சொல்லுவேன். என் தங்கச்சி புருஷன் ஐயா அவன்."

"அப்ப ஆப்படிச்சுத் தாங்க வேண்டிய கேலரி எண்டு உமக்குத் தெரியும். தெரிஞ்சும் யானை ஆடலாம் எண்டு சொன்னனீர். கூட்டக் குறிப்பிலை எழுதி வைச்சிருக்கு. மூண்டு உயிர். மறியலுக்குப் போறீரோ?"

மறியல் என்றால் ஜெயில்.

"டிக்கட் இல்லாமல் களவாப் பூந்தவன் எண்டு சொல்லும். சனம் கூடிப் போச்சு, விழுந்திட்டுது. அவ்வளவுதான். உமக்கும் கரைச்சல் இல்லை, கமிட்டிக்கும் கரைச்சல் இல்லை. செத்தவனுக்கு இனி என்ன கரைச்சல்?"

விசாரணையில் மொழிபெயர்க்கிறவர் கேட்டார், இந்த ஆளை உமக்குத் தெரியுமா என்று. சத்தியம் செய்து கொண்டு சொன்னேன். தெரியும், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். வேலை வெட்டி இல்லாதவன். காசு கொடுக்காமல் கேலரிக்குள் புகுந்திருப்பான்.

மாதம்பிட்டி மயானத்தில் அடக்கம் செய்தோம். என் மனைவி அன்றிலிருந்து அவள் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை என்னிடம் எடுத்ததில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்துக் கொண்டேன்.

இசக்கிக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள், கடைசியில் உன் பெயரைச் சொன்னான் என்று எழுதினேன். முழுக் கடிதமும் என் கையெழுத்து.

7

நான்கு வருஷமாக வராத பணம் ஒரு மாதத்தில் வந்தது. தீர்மானம் கொண்டு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பிரக்கிராசியார். ஏழைகளின் மூன்று உயிர் போன பின்னும் தாமதிப்பதா என்று கண் கலங்கினார். ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. அவர் பொய்யாக அழுதார் என்று நான் சொல்லவரவில்லை. மனசார அழுதிருப்பார். ஆனால் அந்த மூன்றில் ஒன்றைத் திருடனாக்கிவிட்டுத்தான் அழுதார். அதற்கு நான் சாட்சி.

சிமெண்டு ஊற்ற சாரமும் பலகையும் வேண்டும். அந்தக் காண்ட்ராக்டு எனக்கு வந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மருதானைக் கிடங்கு அந்தக் காண்ட்ராக்டில் வந்தது. நான் முன்னுக்கு வந்த கதை என்று ஹெட்மாஸ்டர் கேட்டாரே, அது இதுதான்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது எங்கள் ஆட்கள் மூட்டையைக் கட்டிக் கொண்டு ஊருக்கு ஓடினார்கள். பிச்சையா மட்டும் அசையவில்லை, என்ன நெஞ்சுரம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் மீசையைத் தடவிக் கொண்டு கேட்டிருக்கிறேன். உள்ளது அதுவல்ல. குண்டுக்கு எனக்குப் பயம்தான். ஊருக்குப் போனால் தங்கச்சி முகத்தில் விழிக்க வேண்டுமே, அந்தப் பயம் பெரிதாக இருந்தது. பதினொரு வருஷத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்தது, கோயிலுக்கு மணி வந்தது. நான் வரவில்லை.

8

முத்துவின் கடிதத்தை எடுத்துக் கொண்டு ரெஜிஸ்திரார் கந்தோருக்குப் போனேன். ஆபீசை இங்கே கந்தோர் என்பார்கள். ஒரு மனுவுக்கு இன்னொரு மனு, இந்த ஜன்னலுக்கு அந்த ஜன்னல் என்று மூன்று நாள் அலைந்தபின் நகல் கையில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழ்க் கிளார்க்கு ஒருவர் வாசித்துச் சொன்னார்.

"தொழில் எண்ட இடத்துல ஒண்டும் இல்ல, ஐயா. அனுமதியில்லாமப் பூந்த இடத்துல மரம் விழுந்து செத்ததெண்டு போட்டிருக்கு."

"இது தப்பு. அவன் வேலை பார்த்தவன்."

"அப்ப தகவல் சொன்னவரைப் பிடிச்சுக் கேளுங்க" என்றவர் கீழே பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கட பேர்தானே ஐயா இது?"

எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அது. வால் நீட்டி, கீழே ஒரு கோடு இழுத்து, பெருமையாகப் போட்டிருந்தேன்.

வெள்ளவத்தைக்குப் போய்ப் பிரக்கிராசியாரைப் பார்த்தேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. குரலை வைத்து அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். பத்திரத்தைத் திருத்த வழி கேட்டேன்.

"வழி இருக்கு. அவன் உம்மட வேலையாள் எண்டு சத்தியக் கடதாசி முடிக்க வேணும். முடிச்சால், அண்டைக்குச் செய்தது பொய்ச் சத்தியம் எண்டு நீரே எழுதிக் குடுத்த மாதிரி. உம்மட குடியிருப்புப் பத்திரம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை ஐயா."

"அப்ப பேசாமல் இரும். நானும் வயசு போன மனுசன். என்னையும் இழுத்து விடாதையும்."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அவர் வீட்டிலிருந்து நடந்து மகன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுசில் முதல் தடவையாக அவன் என் முன்னால் குரலை உயர்த்தினான்.

"அப்பா, உங்கட பேர்ல ஒரு வழக்கு வந்தா எங்க எல்லாருக்கும் பத்திரம் நிண்டு போகும். பிள்ளைகளையும் சேத்துக் கப்பல்ல ஏத்தப் பாக்கிறீங்களா? முத்துவுக்கு வேற வழி பாப்பம்."

"வேற வழி இல்லைன்னுதானே அவன் எழுதியிருக்கான். செத்தது யாருன்னு தெரியுமா உனக்கு? உன் மாமா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். அம்மா சொன்னவ. அதாலதான் நான் கொட்டாஞ்சேனையில இருக்கல்ல."

மருமகளுக்குக் கடல் காற்று வேண்டும் என்று சொல்லித்தான் அவன் தனியாகப் போனான். அதை இத்தனை வருஷம் நான் நம்பியிருந்தேன். கந்தோரில் வாங்கின நகலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அதை வாசித்துவிட்டு அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"எங்க போற?"

"சத்தியக் கடதாசி இங்கிலீஷ்லதான் எழுத வேணும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன். பிறகு ரெண்டு பேரும் போவம்."

போனோம். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். செத்தவரின் தொழில் என்ன என்று அவர் கேட்டார். கேலரிக்குக் கீழே இருந்து ஆப்படிக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையை வைத்துக் காட்டினேன். அப்படியும் ஒரு தொழில் உண்டா என்று கேட்டார். உண்டு, எழுதுங்கள் என்று என் மகன் சொன்னான்.

இனி என்ன வரும் என்று தெரியாது. திருத்தின பத்திரமும் வரலாம், எனக்கு அழைப்பாணையும் வரலாம். எங்கள் குடியிருப்புப் பத்திரம் வராமலே போகலாம்.

ஹெட்மாஸ்டர் அவர்களே, இதை ஒரு எழுத்து விடாமல் மலரில் போட வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். தனியாகக் கடிதம் எழுதினால் முத்து வாசித்துவிட்டு அம்மாவிடம் மறைத்துவிடுவான்; நல்ல பிள்ளை. அச்சில் வந்தால் ஊர் வாசிக்கும். இசக்கிக்கு எழுத்துத் தெரியாது. யாராவது அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இசக்கி, உன் புருஷனுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவனை யாரும் கொண்டு போகவில்லை. அவன் கடைசியில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் பிரித்திருக்க வேண்டிய கேலரிக்குக் கீழே, என் வாய்க்கொழுப்பால் செத்தான். பிறகு அவனைத் திருடன் என்று சொன்னவனும் நான்தான். எங்கள் பத்திரம் என்ன ஆனாலும், அவன் வேலை பார்த்தவன் என்று சத்தியம் செய்த கடதாசி முத்து கையில் இருக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகு முத்துவை இங்கே அனுப்புவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வேண்டாம் என்றால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அனுப்புகிறாய் என்றால், துறைமுகத்தில் நான் நிற்பேன். அதற்குள் என்னை உள்ளே வைத்துவிட்டார்கள் என்றால் சண்முகம் நிற்பான். அவன் பேசுகிற தமிழ் முத்துவுக்குப் பாதிதான் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவான்.